நாக்கில் செத்த சர்க்கரை

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். பனியனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் என்னிடமிருந்து தப்பாது. கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்தத் திமிர்தான் என் வீட்டுக்காரரின் காலைத் தின்றது.

அவர் அதே கம்பெனியில் துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். சர்க்கரை நோய் வந்து சில வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், ஆனால் சாப்பாட்டு நேரம் கொஞ்சம் தள்ளிப்போனால் கை நடுங்கும். கை நடுங்கினால் தையல் கோணும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். கம்பெனி டீ சர்க்கரை போட்டேதான் வரும். எல்லோரும் டம்ளரோடு நின்று பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்கு வெளியே, சாக்கு விரித்து மூலிகை விற்கிறவர் சர்க்கரை நோய்க்கு என்று சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைக் கொடுத்து மெல்லச் சொன்னார். கசந்தது. துப்பியதும் என் உள்ளங்கையில் கொஞ்சம் சர்க்கரையைக் கொட்டினார்.

"இப்பத் தின்னு பாருங்க."

தின்றேன். துளி இனிப்பு இல்லை. வாயில் மணல்போல நறநறத்தது.

"நாக்குலயே சர்க்கரை செத்துப் போச்சுங்களா? அப்பறம் ரத்தத்துல எங்கிருந்துங்க வரும்?"

வெறும் பேச்சாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு நடந்திருப்பேன். இது என் வாயிலேயே நான் செக் பண்ணிப் பார்த்தது. நம்பினேன்.

அந்தக் கொடி சாமளாபுரத்தில் என் அண்ணன் வீட்டு வேலியில் மண்டிக் கிடந்தது. வாரம் ஒரு பை பறித்து வந்தேன். டீ மணி அடிக்கும் முன் அவர் இரண்டு இலை மெல்வார், பிறகு எல்லோரோடும் நின்று டீ குடிப்பார்.

"மண்ணுத் தண்ணியாட்ட இருக்குது புள்ள" என்று முகத்தைச் சுளித்தார்.

"அப்படித்தானுங்க இருக்கோணும்" என்றேன் நான், பெரிய வைத்தியச்சி.

பத்து நாளில் மாத்திரை அட்டையை நானே எடுத்துப் பரண்மேல் போட்டேன். அவரும் சரி என்று விட்டுவிட்டார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு எழுகிற மனிதர். கை நடுக்கமும் நின்றது. பசி வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கி நடுங்க வைத்ததே மாத்திரைதான், அது நின்றதால் நடுக்கம் நின்றது, இலைக்கு அதில் பங்கில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பக்கத்து மேசைப் பெண்களுக்கும் இலை கொடுத்தேன். அவர்கள் இலையையும் மென்றார்கள், மாத்திரையையும் விடவில்லை. என்னைவிடப் புத்தி இருந்திருக்கிறது.

சில மாதம் போனதும் நிறுத்த வேண்டிய இடத்தில் அவருடைய மெஷின் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. பெடல் மேல் கால் இருப்பதே சரியாகத் தெரியவில்லை என்றார். நாள் முழுக்க மிதிக்கிற கால் மரத்துப்போகத்தான் செய்யும் என்று அதற்கும் நானே பதில் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் அவருடைய ஊசி உடைந்தது. ஏற்றுமதித் துணிக்குள் ஊசி முனை போய்விடக் கூடாது. அதனால் உடைந்த துண்டையெல்லாம் பொறுக்கி நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அன்று முனை மட்டும் கிடைக்கவில்லை. லைனையே நிறுத்தினார்கள். தரை முழுக்கக் காந்தத்தை இழுத்துப் பார்த்தார்கள். அவர் தைத்த கட்டு என் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு பீஸாகத் திருப்பி, தடவி, இரண்டு முறை பார்த்தேன். இல்லை. சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருக்க, அவர் வெறுங்காலோடு மெஷின் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். எங்கள் கம்பெனியில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

நாலு நாள் கழித்துக் காலையில் வீடு துடைக்கும்போது, கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையில் மஞ்சளாக ஈரத் தடம். துடைத்த துணி நாறியது.

"ஏனுங்க, காலைக் காட்டுங்க."

வலது உள்ளங்கால் சீழ் வைத்து ஊதியிருந்தது.

"வலிக்கலீங்களா?"

"இல்லியே" என்றார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அந்த ஊசி முனை வெள்ளையாகத் தெரிந்தது. நான் துணியைத்தான் தேடினேன், அவர் காலைத் தேடவில்லை.

"இலையில ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லலம்மா" என்றார் டாக்டர். "அதுல இருக்கற சத்தை ஆராய்ச்சியும் பண்றாங்க. ஆனா இனிப்பு தெரியாமப் போறது நாக்குக்கு மட்டுந்தான். குடிச்ச சர்க்கரை உள்ள போயிட்டேதான் இருந்திருக்கு. மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க நிறுத்திப்போட்டேன்."

நானும் அப்படியே விட்டுவிட்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அடுத்த மாதம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது மாத்திரையும் இன்சுலினும் நேரம் தவறாமல் போகின்றன. மிச்சமிருக்கிற இடது காலைத் தினமும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குக் கிளம்பும் முன் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவேன். தொடுவது தெரிகிற இடத்தில் அவர் சொல்ல வேண்டும். நேற்று குதிகாலிலும் பெருவிரலிலும் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், சின்ன வீடு.

இன்று காலை அவர் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். நான் காலடியில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுது புள்ள" என்றார். "நல்லாத் தெரியுது."

நான் இன்னும் காலைத் தொடவே இல்லை.