சடக்கு என்றால் சாலைதான்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் சிம்பாங் ரெங்கத்தில் என் லாரிகளைத் தெரியாதவர் கிடையாது. ஐந்தும் யார் தயவும் இல்லாமல் வாங்கியவை. போன வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோதுதான் முதல்முறையாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டு மாதம் கழித்துச் சில சொற்கள் திரும்பின.

பேச்சுப் பயிற்சி கொடுக்க, சென்னையிலிருந்து கல்யாணமாகி ஜொகூருக்கு வந்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பார். நான் லாரி ஷெட்டிலேயே கிடந்தேன். ஆறாவது வாரம் அவர் என்னைத் தனியே அழைத்து, பாதிக்கு மேல் தப்பாகச் சொல்கிறார், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் விடலாமா என்று பிள்ளைகள் பேசத் தொடங்கியிருந்த நேரம் அது.

அடுத்த வகுப்பில் நானும் போய் உட்கார்ந்தேன். சாலைப் படம் வந்தது. கோணிய வாயால் "சடக்கு" என்றாள். பயிற்சியாளரின் தாளில் பெருக்கல் குறி விழுந்தது. கிண்ணத்துக்கு "மங்கு". வரிசை வீடுகளுக்கு "லயம்". மூன்றும் தப்பாம்.

"மிஸ், அது தப்பில்ல. எங்க தோட்டத்துல ரோட்ட சடக்குன்னுதான் சொல்லுவோம். மரத்துல கட்டி ரப்பர் பால் பிடிக்கிறது மங்கு. நாங்க குடியிருந்த வீடு லயம். அவ ஒண்ணையும் மறக்கல."

அந்தக் காலத்தில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் மர நிரைக்கு அடுத்த நிரையில் அவள் பால் வெட்டினாள். மங்கு துடைக்கும் சத்தத்தை வைத்தே எந்த மரத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவேன். வேலை முடிந்து திரும்பும்போது, ஒருநாள் இந்தச் சடக்கில் என் லாரி ஓடும் பார் என்பேன். "போடா பீலா" என்பாள். வாய்ச்சவடால் அடிப்பவனுக்கு அவள் வைத்த பெயர். லாரி ஓடியது. அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

பயிற்சியாளர் பழைய தாள்களையெல்லாம் எடுத்துவந்தார். நான் அர்த்தம் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திருத்தினார். கடைசியில் என்னைக் காட்டி, "இவர் யாரும்மா?" என்றார்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"பீலா."

அந்தச் சொல் சென்னையிலும் உண்டாம். பயிற்சியாளர் என்னிடம் அர்த்தம் கேட்கவேயில்லை. சிரித்துக்கொண்டே சரி போட்டார்.