ஐகானுக்குக் கேட்ட வரி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து தருபவர் அந்த ஆசிரியை. விபத்தில் வலது கை முடங்கிய பிறகும் வேலையை விடவில்லை. ஆனால் ஒலிப்பதிவு மென்பொருளை ஐகானை அழுத்தித் திறந்தால், இரைச்சலை நீக்கும் வடிகட்டிகளைக் காணோம் என்று அது கைவிரித்துவிடும். அவை இருக்கும் இடத்தை, கட்டளைகளை எழுதும் கறுப்புத் திரையான டெர்மினலில் நீளமாகத் தட்டச்சு செய்து திறந்தால்தான் காரியம் நடக்கும். எட்டு மாதமாக அதை ஒற்றைக் கையால் தினமும் தட்டிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் ஒருநாள் காலை அதைப் பார்த்துவிட்டாள்.

"டெர்மினல்ல சொல்றது ஐகான் காதுல விழாது அண்ணி. லாகின் பண்ணும்போதே கம்ப்யூட்டர் படிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்கு. அதுல எழுதிட்டா எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும்."

வடிகட்டிகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் அந்த ஒரு வரியை அதில் எழுதிவிட்டு, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வரச் சொன்னாள். ஆசிரியை ஐகானை அழுத்தினார். வடிகட்டிகள் எல்லாம் திரையில் வந்து நின்றன.

"இவ்வளவுதானா? மலைன்னு நெனச்சேனே!" சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன். நீ நல்லா இருக்கணும்டி."

அன்று மதியத்துக்குள் இரண்டு பாடங்கள் முடிந்தன. இரண்டாவதில் நாத்தனாரும் ஒரு பக்கம் வாசித்தாள்.