சுரோவி என்று ஒரு சொல்

நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில், ஒரே ஒரு வரி: இவர் சுரோவியான மனிதர். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் வார்ப்படப் பிரிவு மேஸ்திரியைப் பற்றி ரஷ்யப் பொறியாளர் எழுதியிருந்தது அவ்வளவுதான். மற்றவர்களைப் பற்றியெல்லாம் அரைப் பக்கம் எழுதியவர், இவருக்கு மட்டும் ஏன் ஒரு வரியோடு நிறுத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பெண் ரஷ்ய மொழி படித்ததே எங்கள் தெருவில் ஒரு விசித்திரம். காலையில் பெரியபாளையம் வழியாகப் புதுவாயல் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. புதிய உலையை நிறுவ வந்திருந்த பொறியாளர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும், எழுதுவதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதும் என் வேலை. அவர் ஊர் திரும்பிய மறுநாள் அந்த அறிக்கை என் மேஜைக்கு வந்தது. மாலைக்குள் வேண்டும் என்றார் மேலாளர். புதிய ஷிஃப்டுக்கு யாரைப் பொறுப்பாளராகப் போடுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சுரோவி என்ற சொல்லுக்கு அகராதியில் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஸ்டெர்ன், சிவியர், ஹார்ஷ். நான் ஹார்ஷ் என்று அடித்தேன். அதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அகராதியைக் காட்டியிருப்பேன். ஆனால் இரண்டு மாதம் முன்பு, உலைக்கு அருகே நான் போனபோது, இருபது பேர் பார்க்க அந்த மேஸ்திரி என்னிடம் சொன்னது என் மனதில் இருந்தது. "பொடவைய நல்லா இழுத்துச் சொருவிக்கினு வாங்க. இல்லன்னா வெளியவே நில்லுங்கம்மா." அன்று எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சல்தான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்ததா? தெரியவில்லை.

மேஸ்திரிக்குப் பொறுப்பு கிடைக்கவில்லை. அவரைவிட இளையவர் ஒருவரைப் போட்டார்கள். ஆரம்பாக்கத்தில் வயல் கூலிகளாக இருந்த குடும்பத்திலிருந்து ஆலைக்கு வந்த முதல் ஆள் மேஸ்திரி. அந்தப் பதவிக்கு அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து என் மேஜை அருகே வந்து, அந்த ரஷ்யாக்காரர் தன்னைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருநாள் மழையில் நனைந்த செருப்போடு வந்த ஆளை மேஸ்திரி உலைப் பக்கமே விடாமல் வீட்டுக்கு அனுப்பினார். உருகிய இரும்பு ஈரத்தில் பட்டால் வெடித்துச் சிதறும். அந்த ஆள் கெஞ்சியும் அவர் மனம் இளகவில்லை. பக்கத்தில் நின்ற பொறியாளர் இதே சொல்லைத்தான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தாரா, முகம் சுளித்தாரா? எவ்வளவு யோசித்தும் அவர் முகம் மட்டும் வரவில்லை.

மேலாளரிடம் போய், அந்தச் சொல்லுக்குக் கண்டிப்பானவர் என்றும் பொருள் உண்டு என்றேன். அப்படியானால் அன்றைக்கு ஏன் அப்படி எழுதவில்லை என்று கேட்டார். அந்தச் சொல்லால் எதைச் சொல்ல வந்தார் என்று கேட்டுப் பொறியாளருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் வடக்குப் பகுதியின் குளிர்காலத்துக்கும் இதே சொல்தான், அதில் வாழ்கிறவர்கள் அதைக் குறை சொல்வதில்லை, ஆனால் எல்லோராலும் அதில் வாழ முடியாது என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக்குப் போனேன். மேஸ்திரியும் மனைவியும் மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டி, நான் தவறாக எழுதிவிட்டேன், நாளை இதை மேலாளரிடம் காட்டுகிறேன் என்றேன். மேஸ்திரியின் மனைவிதான் கேட்டார்.

"நீங்க எழுதினதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"கொஞ்சம் கடுமையான ஆள்னு அர்த்தம்."

"அது மெய்தானே. இவரு பேசின பேச்சுல பெரிய மவன் மூணு வருசமா ஊட்டுப் பக்கமே வரல."

சொல்லிவிட்டு எனக்குக் காபி போட உள்ளே போனார். மேஸ்திரி கடிதத்தை வாங்கி, படிக்க முடியாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"யார்கிட்டயும் காட்ட வாணாம்மா. புது ஷிஃப்டுக்குப் போட்ட அந்தப் புள்ள நல்லாத்தான் பாத்துக்கினு கீறான். பசங்களும் அவன்கிட்ட சிரிச்சிப் பேசறானுங்க."

ரயிலடி வரை கூட வந்தார். வண்டி வரும்போது, நான் எழுதியதில் தப்பில்லை என்றார். என்னை மன்னித்துச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் சொன்னபடியே கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. அது அவருக்குச் செய்த மரியாதையா, இரண்டாவது தவறா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.