பந்தக்கால் ஊன்றிய அன்று போன கிடார்கள்

அக்கா தன் சிவப்பு, கறுப்பு மின்கிடார்கள் இரண்டையும் தானாகவே கொடுத்துவிட்டாள் என்றுதான் நானும் சொந்தக்காரர்களும் நம்பினோம். உறவில் எந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்தாலும் அம்மா இதைச் சொல்வாள். "எம் மூத்தவ அதுக மேல அம்புட்டு ஆச வச்சிருந்தா. கல்யாணம்னதும் தூக்கிக் குடுத்துட்டா பாரு." நான் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வெளியூர் விடுதியிலிருந்து வந்து சேர்ந்தேன். அதற்குள் பீரோவின் மேல் கிடார்கள் இருந்த இடத்தில் சீர்ப் பாத்திரங்கள் ஏறியிருந்தன.

அக்கா ராக் இசைக்காரி. கல்லூரித் தோழர்கள் மூவரோடு ஒரு குழு வைத்திருந்தாள். அவர்களுடைய பாட்டுகளை அவளேதான் எழுதினாள். ஒரு பெண் கிடாரோடு மேடையில் நிற்பதை வேடிக்கை பார்க்க மதுரையில் கூட்டம் வரும். இரண்டாவது பாட்டுக்குள் வேடிக்கையை மறந்து கேட்கத் தொடங்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாசித்து யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அந்த ஆசை விட்டுப்போயிற்று என்றார்கள்.

சென்ற ஆண்டு அக்கா நோயில் இறந்தாள். குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் துக்கம் கேட்க வந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தச் சிவப்பு கிடார நான் பாத்தேம்மா. நாகமலை புதுக்கோட்டையில ஒருத்தர் ரிசப்ஷன்ல வாசிச்சுக்கிட்டிருந்தாரு. அவளாக் குடுத்திருப்பான்னு எனக்கு என்னைக்குமே தோணல."

எனக்கு அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. உண்மை தெரியாமல் அக்காவின் படத்துக்கு முன் விளக்கேற்ற மனம் வரவில்லை. நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன்.

வாசித்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். கிடாரை என் மடியில் வைத்தார். எங்கள் வீட்டில் இருந்தபோது ஆயுத பூசைதோறும் அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்குக் கீழே பூச்சு உதிர்ந்து வெளுத்த மரத்தில் அந்தக் குங்குமம் ஊறிக் கிடந்தது. துடைத்துப் பார்த்தும் போகவில்லை என்றார். பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினாராம். கடைக்காரர், தனக்கு அதை விற்றவரைத் தேடி என்னை விளாங்குடிக்கு அனுப்பினார். அங்கே, விரல்கள் மடங்கிப்போனதால் வாசிப்பை நிறுத்திவிட்ட பழைய ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர் ஒருவர் இருந்தார்.

அக்காவின் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"உங்கப்பாதாம்மா வரச் சொன்னாரு. கச்சேரிக்கு இரவலா எடுத்துக்கங்கன்னாரு. பந்தக்கால் ஊண்டுன அன்னைக்கு வந்தேன். ரெண்டையும் ஆட்டோல ஏத்துறேன், அந்தப் பிள்ள நிலைக்கு உள்ளயே நிண்டுச்சு. 'நான் வாசல் தாண்டக்கூடாதாம்ணே, இல்லாட்டி நானே வந்து வச்சிருவேன். வெயில்ல போட்டுறாதீக, கழுத்து வளைஞ்சிரும். மறுவீட்டுக்கு வரும்போது வாங்கிக்கிறேன்'னுச்சு."

"வாங்கிக்கிறேன்னு சொன்னாளாண்ணே?"

"பின்ன? இரவல்தானம்மா. மறுவீட்டன்னைக்கு நல்லாத் தொடச்சுக் கொண்டாந்தேன். உங்கம்மா வாசல்லயே மறிச்சுருச்சு. 'அவளே வேணாம்ட்டா, நீங்களே வச்சுக்கங்க'ன்னுச்சு. உள்ள பொண்ணும் மாப்ளையும் சாப்புட்டுக்கிட்டிருந்தாக. நான் என்னத்தச் சொல்ல?"

கறுப்புக் கிடார் பிறகு எந்த ஊருக்குப் போனதென்று அவருக்குத் தெரியவில்லை.

பேருந்தில் திரும்பும்போது அவர் சொன்னதை அடுக்கிப் பார்த்தேன். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. எந்தக் கதவையும் பூட்டவில்லை. பந்தக்கால் ஊன்றியபின் மணப்பெண் படி தாண்டக்கூடாது என்ற வழக்கம் ஒன்றே போதுமாக இருந்தது. அந்த நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மறுவீட்டன்று அதே வாசலில், அவள் எழுந்து கைகழுவுவதற்குள், இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டார்கள். பிடுங்கியதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, அதையே ஊர்ப் பெண்களுக்குப் பாடமாகவும் சொன்னார்கள். அவளும் கேட்டுக்கொண்டு அந்தக் கல்யாணப் பந்திகளில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மறுவீட்டுக்கு வந்தப்ப அக்கா கிடாரக் கேட்டாளாம்மா?"

அவள் கை நிற்கவில்லை. "கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"அந்தாளு வித்துட்டு ஊரவிட்டே போயிட்டான்னேன். உங்கப்பா அப்பிடித்தான் சொல்லச் சொன்னாரு. மாப்ள வீட்டாளுக பாத்தா என்ன நெனப்பாக? இப்ப என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தான வாழ்ந்தா."

"இனிமே யாருகிட்டயும் அவளாக் குடுத்தான்னு சொல்லாத."

"சொன்னா என்னடி? செத்தவளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

அம்மா சிந்திய தோலை முந்தானையில் கூட்டி அள்ளினாள். வருடந்தோறும் அந்தக் கிடாருக்குப் பொட்டு வைத்ததும் இதே விரல்கள்தான். அது நினைவுக்கு வராமலிருந்தால் அவளை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சிவப்புக் கிடாரைத் திருப்பித் தருவதாக அந்த மாணவர் சொன்னார். வாசிக்கிறவரிடமே இருக்கட்டும் என்றேன். அது என் அக்காவுடையது, அவளாக அதைக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொன்னேன். அப்பா காலமாகி வெகுநாளாயிற்று. அக்காவும் இல்லை. இந்த வீட்டில் இப்போது அம்மாவும் நானும் இருக்கிறோம்.