மூன்றரை மணிக்குத் தொலையும் சிக்னல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் என் வீட்டுக்குள் வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரத்தில் என்னைத் திருடன் என்று நிரூபித்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

திருடியது நான்தான். ஆனால் சத்தியமாக எனக்கே தெரியாது... முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

சைனிக்புரியில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழ் வீட்டில் கிரேஸ் அக்கா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு' — அப்படி ஒரு தமிழ். அவருடைய ஒரே மகள் ஜெனி, ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஜெனிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் கணவன் டேனியலுக்கும் அப்படித்தான். இருவரும் கைகளால் பேசுகிறவர்கள்.

போன வருஷக் கடைசியில் கல்யாணம். இரண்டே மாதத்தில் டேனியலுக்கு ஷார்ஜாவில் கட்டட வரைபடம் போடும் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். காது கேளாத ஒருவரை அந்த ஆபீஸ் எடுத்தது அதுவே முதல் தடவையாம். தினமும் அங்கே சாப்பாட்டு இடைவேளையில், அதாவது நமக்கு மூன்றரை மணிக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவான். காலை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பும் ஜெனி, முகம் கழுவி, பொட்டு மாதிரி துளியூண்டு பவுடர் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பாள்.

அந்த வீடியோ போவது எங்கள் வீட்டு வயர்லெஸ்ஸில். கிரேஸ் அக்கா பிராட்பேண்டுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகிறது, கம்பத்தில் இடமில்லையாம். அதனால் எங்களுடையதையே பகிர்ந்துகொண்டோம். ஜெனியின் அறை தோட்டத்துப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். எங்கள் ஹால் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால் அவள் ஜன்னல் தெரியும். எங்கள் ரவுட்டர் அந்த ஹால் ஜன்னலோரம், ஒரு ஸ்டூல் மேல்.

வயர் இழுத்திருக்கலாமே என்பீர்கள். வீட்டு ஓனர் முன்னாள் ராணுவம். சுவரில் ஓட்டை கூடாது, வெளியே வயர் தொங்கக் கூடாது. காலண்டருக்கு ஓர் ஆணி அடிக்கவே நான் அவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினேன்.

பிப்ரவரியில் முதல் கால் வந்த அன்று கிரேஸ் அக்கா மாடிக்கு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தம்பி, இவ பொறந்து இருவத்தாறு வருஷம். எட்டத்துல இருக்குற ஒரு ஆளோட இவ பேசி இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நமக்கெல்லாம் போன் எப்போதோ வந்துவிட்டது. அலுத்தும் போய்விட்டது. போன் என்ற ஒன்று ஜெனிக்கு இந்தப் பிப்ரவரியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது! ஒரு மனிதனின் பத்து விரல்கள் ஷார்ஜாவிலிருந்து கடலைத் தாண்டி வந்து, எங்கள் ஹால் ஸ்டூலில் ஏறி, காற்றில் இறங்கி, கீழ் வீட்டு லேப்டாப்பில் அசைகின்றன. அந்த ஸ்டூலில் நான் அதுவரை காபி டம்ளரும் வைத்துக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் தகராறு ஆரம்பித்தது.

மூன்றரைக்கு டேனியல் வருவான். வந்த வேகத்தில் படம் நின்றுவிடும். கை பாதி வாக்கியத்தில் தூக்கியபடி அப்படியே இருக்கும். நமக்குக் குரல் விட்டு விட்டு வந்தாலும் ஊகித்துக்கொள்ளலாம். கையே நின்றுவிட்டால் எதை ஊகிப்பது? 'எஸ்எம்எஸ் இருக்கிறதே' என்று நான் அறிவாளித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். ஜெனி ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: 'உங்கள் மனைவியோடு ஒரு மாதம் எஸ்எம்எஸ்ஸில் மட்டும் பேசிப் பாருங்கள்.'

எட்டிப் படித்த என் மனைவி உஷா, "நான் ரெடி" என்றாள்.

சரி, மேலே எங்கள் ஹாலில் உட்கார்ந்தாவது பேசட்டுமே என்றேன். அதற்கு கிரேஸ் அக்காவே, "நக்கோ தம்பி. புருஷன்கிட்ட பேசுறத நாலு பேர் பாக்கவா? அவங்க பேச்சு பூரா வெளியதானே தெரியும்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போன சனிக்கிழமை டேனியலிடமிருந்து ஒரு செய்தி. 'உன் முகத்தைப் பார்க்காமல் இங்கே இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.' ஜெனி பதறிப்போய்ப் பதில் அனுப்பினாள். அவன் மசியவில்லை. முகம் பார்த்துப் பேசாமல் அவனை நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். கையில் இருப்பதோ சில நாள்.

நான் களத்தில் இறங்கினேன். எனக்குச் சந்தேகமே இல்லை, யாரோ சிக்னலைத் திருடுகிறார்கள்! பாதுகாப்பில்லாத வயர்லெஸ்ஸில் கண்டவன் நுழைவான் என்று பேப்பரில் படித்ததிலிருந்து எங்களுடையதற்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தேன். ஹைதராபாத்தில் எவனுக்குத் தெரியப் போகிறது என்று எங்கள் ஊர்த் தின்பண்டத்தின் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தேன். எதிர் வீட்டில் ஐந்து சாஃப்ட்வேர் பையன்கள் குடிவந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் மதுரைக்காரன். போதாதா? பாஸ்வேர்டை மாற்றினேன். சிக்னல் போனது. மறுபடி மாற்றினேன். மறுபடி போனது. மூன்றாவது பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து. அதைத் தாளில் எழுதி வாங்கிப் போன கிரேஸ் அக்கா, "கைக்கு தம்பி இவ்ளோ நீளம்? தோத்திரப் பாட்டு மாதிரி இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உஷா பொறுமை இழந்து, கம்ப்யூட்டரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, அதில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காட்டினாள்.

"பாருங்க. உங்களோடது, என்னோடது, ஜெனியோடது. மூணே மூணு. அந்தப் பசங்கள இனிமே முறைக்காதீங்க, பாவம்."

திருடன் இல்லை. அப்படியானால் என்ன? ரவுட்டரை அணைத்துப் போட்டேன். தட்டினேன். துடைத்தேன். ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பினேன். கையாலாகாத ஆண்பிள்ளை ஒரு எந்திரத்தின் முன்னால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உஷாவுக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. நான் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் ஹாலில் பாயை விரித்துச் சாய்ந்திருந்தேன். கதவு தட்டும் ஓசை. ஜெனி... யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை. பின்னாலேயே கிரேஸ் அக்கா.

ஜெனி ஒரு நோட்டைப் பிரித்து என் முன் வைத்தாள். கோடு போட்டு, கட்டம் போட்டு, பதினைந்து நாள் கணக்கு. தேதி, நேரம், சிக்னலுக்கு எத்தனை கோடு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே குட்டியாக ஒரு கையெழுத்து வேறு!

"அவ வேலையில அப்டித்தான் தம்பி. மணிக்கொரு தடவ பாத்து, எழுதி, சைன் போடணும். பழக்கம் வீட்டுக்கும் வந்துருச்சு" என்றார் அக்கா.

நான் நோட்டைப் பார்த்தேன். அதிகாலையில் நான்கு கோடு. மத்தியானம் ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் நாள் முழுக்க நான்கு. அதற்கு முந்தின புதன்கிழமையும் நான்கு. அந்தப் புதனன்று டேனியலுக்கு ஆபீஸ் வேலையாக வெளியே போகவேண்டி வந்ததாம். ஞாயிறு அவனுக்கு சைட்டில் வேலை. நல்ல சிக்னல் இருந்த நாளில் ஆள் இல்லை. என்ன கொடுமை!

ஜெனி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: 'ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எதைச் செய்வதில்லை?'

நான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை தார்நாகாவில் உஷாவின் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவோம். நான் செய்யாதது என்றால்... மத்தியானத் தூக்கம் ஒன்றுதான். தூங்கினால் சிக்னல் போகுமா?

ஜெனி காத்திருக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தாள். கண் திரையிலேயே. ஸ்டூல் அருகே போனாள், திரும்பினாள், ஜன்னலுக்கு வந்தாள். அங்கே நின்றாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு எங்கள் ஏர் கூலர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வெயில் காலம் வந்தால் வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஏறி உட்காரும் சமாசாரம். பிளாஸ்டிக் பெட்டி. அடியில் தொட்டி நிறையத் தண்ணீர். பின்பக்கம் நனைந்து சொட்டும் வெட்டிவேர்த் தட்டி.

அந்த ஈரத் தட்டியில் உள்ளங்கையை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினாள்: 'புதன்?'

உஷா கத்தியேவிட்டாள். "என்னங்க, புதன்கிழமை தண்ணி வரல! கூலருக்கு ஊத்தவே இல்ல!"

தண்ணீர் இந்த வயர்லெஸ் அலையைக் குடித்துவிடுமாம். உஷா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரக்கதவைத் தாண்டும், கண்ணாடியைத் தாண்டும், தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். தினமும் சாப்பிட்டதும் மூன்று வாளி ஊற்றி, ஜிலுஜிலுவென்று காற்று வாங்கிக்கொண்டு, எவனோ சிக்னலைத் திருடுகிறான் என்று யோசித்தபடியே தூங்கிப்போனவன் யார்? இரண்டு வாரமாக ஒரு பெண்டாட்டியையும் புருஷனையும் பேசவிடாமல் செய்தது, இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டுக்குப் பின்னால் பத்திரமாகப் படுத்திருந்த நான்தான்.

ஜெனி கீழே ஓடினாள். நான் கூலரை நிறுத்தித் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன். உஷா வாளி வைத்தாள். கிரேஸ் அக்கா தோட்டத்தில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக மகள் காட்டும் விரல்களை எண்ணிக் கத்தினார்.

"ஒண்ணுதான் தம்பி... இரு, இரு... ரெண்டு!"

தட்டியையும் கழற்றிப் போட்டேன். வேட்டியெல்லாம் தண்ணீர்.

"மூணு! கொஞ்சம் தள்ளு தம்பி, நீயே குறுக்க நிக்குற... நாலு! ஹவ், நாலு!"

ஆமாம். நான் ஜன்னலை விட்டு நகர்ந்ததும் ஒரு கோடு கூடியது! மனித உடம்பும் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஒரு தொட்டி காலியானதில் ஷார்ஜா பக்கத்தில் வந்துவிட்டது. இந்த விஞ்ஞானத்தை வியப்பதா, காதால் ஒன்றும் கேட்காமல் பதினைந்து நாள் கண்ணாலேயே அதைத் துரத்திப் பிடித்த பெண்ணை வியப்பதா? நான் இரண்டையும் வியந்துகொண்டு ஈர வேட்டியோடு நின்றேன்.

மூன்றரை. கிரேஸ் அக்கா மகளின் அறைக் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து எங்களோடு உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. கீழே சத்தமே இல்லை. கால் மணி நேரம் கழித்து ஜெனி சிரிக்கும் ஓசை கேட்டது. வாய்விட்டு, பெரிசாக, நிறுத்தாமல்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா இந்தச் சிரிப்ப நான் கேக்கல தம்பி."

வியாழக்கிழமை மூன்றரை மணிக் காலில் டேனியல் அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கேமரா முன்னால் பிடித்து, நான்காகக் கிழித்துக் காட்டினானாம். ஜெனி அதையும் நோட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.

ரவுட்டருக்கு நீளமான வயர் வாங்கி, ஆணி அடிக்காமல், வென்டிலேட்டர் கம்பியில் நாடா போட்டுக் கட்டிவிட்டோம். இப்போது அது கூலருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் குறுக்கே வராது, தாராளமாக ஓட்டலாம் என்கிறாள் உஷா. ஆனாலும் மூன்றரை அடித்தால் நான் கூலரை நிறுத்திவிட்டு, ஜன்னலைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொள்கிறேன்.

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது இல்லையா?