தீபத்தன்று பொரிக்கடை

எங்கள் ஊரில் சாவதற்குக்கூட நாள் பார்க்க வேண்டும். கார்த்திகைத் தீபத்துக்குக் கொடியேறிவிட்டால் பத்து நாளும் சுவாமி மாட வீதிகளைச் சுற்றி வருவார். அந்த வீதியில் ஒரு வீட்டில் பிணம் கிடந்தால், எடுக்கும்வரை சுவாமி நகர மாட்டார். சுவாமி நகராவிட்டால் கூட்டம் நகராது, கூட்டம் நகராவிட்டால் வியாபாரமும் நகராது. அந்தக் காலத்துத் திருவண்ணாமலை, பத்து நாள் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற ஊர். கூடத்தை யாத்ரீகர்களுக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் சமையலறையில் சுருண்டுகொள்வார்கள். மாட்டுச் சந்தைக்கு வந்தவர்களுக்கு மோர் விற்றே பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள் எங்கள் தெருவில் இருந்தாள். அதனால் மாட வீதியில் யாராவது இழுத்துக்கொண்டு கிடந்தால், கொடியேற்றத்துக்கு முன்பே வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். இதை யாரும் கொடுமை என்று நினைத்ததில்லை.

அந்த வருஷம் அப்படிக் கொண்டுபோகப்பட்டவர் என் பெரியப்பா. அம்மாவின் அக்கா புருஷன். மாட வீதியில் பொரிக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. வருஷக்கணக்காக அடுப்புப் புகையில் நின்று பொரி வறுத்ததில் இழுப்பு வந்து, ஐப்பசி முடிவதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டார். வைத்தியர் கையை விரித்தார். வீதிப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, வெற்றிலைத் தட்டைப் பார்த்தபடியே பேச்சை இழுத்தார்கள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. இருந்தாலும்…"

"அட, இதுக்கின்னா இவ்ளோ தயக்கம்?" என்றார் பெரியப்பா, மூச்சு வாங்க. "சாமி வர்ற வழியில நானா படுத்துகினு இருக்கறது? பெரிய மனுஷன் வராரு, நாமதான் ஒதுங்கணும்."

எங்கள் வீடு செங்கம் ரோட்டுப் பக்கம், மாட வீதிக்கு வெளியே இருந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அவரை அங்கே கொண்டுவந்தார்கள். எனக்கு எட்டு வயது. பெரியப்பா நம் வீட்டுக்கு வருகிறார் என்று சந்தோஷப்பட்டது அந்த வண்டியைச் சுற்றி ஓடிவந்த நான் ஒருத்திதான்.

பெரியம்மா அவரோடு வரவில்லை. வர முடியாது. தீபத்தன்று ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் பொரி வைத்துப் படைத்தாக வேண்டும். அந்தப் பொரியை அன்றைக்குள் விற்றாக வேண்டும், நமுத்துப்போனால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். தினமும் விடியற்காலையில் கஞ்சியோடு வந்து, அவர் காலைப் பிடித்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு ஓடிவிடுவாள். புருஷன் இப்படிக் கிடக்கும்போது இவளுக்கு வியாபாரம் ஒரு கேடா என்று எதிர்வீட்டுக்காரி பேசியதை நானும் நம்பினேன்.

பெரியப்பா அப்படி நினைக்கவில்லை. நான் கடைப்பக்கம் போய்விட்டு வந்தால் என்னைக் கேட்பார்: "கூட்டம் ஜாஸ்தியா கம்மியா?" ஜாஸ்தி என்றால் அன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி கூடுதலாக இறங்கும். அதனால் மழை பெய்த நாளிலும் நான் ஜாஸ்தி என்றே சொல்லிவைத்தேன்.

தீபத்தன்று காலையில் பெரியம்மா எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்தான் விரட்டினார். "போ, போயி கடையத் தெற. இன்னிக்கி வுட்டா நமக்கு வேற ஏது பொழப்பு?" அவள் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மத்தியானத்துக்கு மேல், மலையில் மேகம் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு வந்து இல்லை என்றேன். நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அவர் போய்விட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொல்லவில்லை. அப்பா பஸ் கண்டக்டர், திருவிழா டூட்டியில் இருந்தார். என்னைத்தான் அனுப்பியாக வேண்டும்.

"பெரியம்மாவக் கையோட கூட்டிகினு வா. வேற எதுவும் பேசாத, இன்னா?"

கூட்டத்தில் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே புகுந்து புகுந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். படியும் கையுமாகப் பெரியம்மா பொரி அளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் வாயைத் திறந்தேன். "பெரிம்மா, அம்மா உன்ன…"

அவள் ஒரு பொரி உருண்டையை எடுத்து என் வாயில் திணித்தாள். சின்ன உருண்டை இல்லை, இரண்டு கன்னமும் புடைக்கிற உருண்டை. "மொதல்ல இத்தத் துன்னு" என்றாள். அதை மென்று முடிப்பதற்குள் இன்னொன்று கைக்கு வந்தது. நான் கேட்டே தராத உருண்டை! பெரியம்மாவுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போனேன்.

சாவுச் செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காதில் விழுந்திருந்தால் அந்த நிமிஷமே கடையை மூட வேண்டும். சாவு வீட்டுப் பொரி என்று தெரிந்தால் வாங்கிப்போனவர்களும் குப்பையில் கொட்டுவார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அதையெல்லாம் அவள் எப்படி யோசித்தாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பொரியைத் தொடவில்லை. படியைப் பொரி வறுக்கிற ஆயாவிடம் கொடுத்துவிட்டு, கை சுளுக்கிக்கொண்டது என்று தள்ளி நின்றாள். சாமிக்குப் படைக்கிற பண்டம் அல்லவா?

மூட்டைகள் காலியாகிக்கொண்டே வந்தன. பொழுது சாய்ந்தது. மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே ஒரு குரலாக அரோகரா என்றது. எல்லா வாசலிலும் அகல் எரிந்தது. எங்கள் கடை வாசலிலும் திரி போட்டு எண்ணெய் ஊற்றித் தயாராக இருந்தது. பெரியம்மா அதைத் தாண்டி வந்து பலகைகளைப் போட்டுக் கடையை மூடினாள்.

"வெளக்கு ஏத்தல?" என்று கேட்டேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து வருகிற கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். மாட வீதி திரும்பி, செங்கம் ரோடு வந்ததும் நின்றாள். குனிந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு கண்ணு. உங்கம்மா இன்னா சொல்லி அனுப்பிச்சா?"

"உன்னக் கையோட கூட்டிகினு வரச் சொன்னாங்க. அவ்ளோதான்."

பெரியம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதற்கு ஒருத்தி இப்படி அழுவாளா என்று, வாயில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டே அவளைப் பார்த்தபடி நின்றேன்.