ஹேமாவதி பிரித்துத் தைத்த கோட்டு

பழவேற்காடு கடைத்தெருவில் ஹேமாவதியின் கடைக்குப் போய் "ஒரு ஜாக்கெட் தைக்கணும்" என்று கேட்டால், "அதுக்கு எதிர்க்கடை இருக்கு" என்று கையைக் காட்டுவாள். புதிதாக எதையும் தைக்கமாட்டாள். அடுத்தவர் தைத்ததைத் திருத்துவாள். போர்டிலேயே 'ஹேமா ஆல்டரேஷன்' என்று எழுதி, அதற்குக் கீழே யாரும் கேட்காமலேயே 'மட்டும்' என்று போட்டிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த 'மட்டும்' அவளுக்குச் சோறு போடுகிறது. கடைகளில் தொங்குகிற ரெடிமேடு சட்டையெல்லாம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனை நினைத்து வெட்டியவை. இங்கே உள்ளவர்கள் ஏரியில் வீச்சு வலை எறிகிறவர்கள். வலையைச் சுழற்றி வீசுகிற தோள் தடித்துப்போய், மற்றத் தோளைவிட ஒரு விரற்கடை மேலே நிற்கும். புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் அக்குளில் டர்ரென்று கிழியும். ஹேமாவதி வலது பக்கத் தையலைப் பிரித்து, தோளிலும் முதுகிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி முடித்துத் தருவாள். மிஞ்சுகிற துணியை மட்டும் வெட்டவே மாட்டாள். உள்ளே மடித்துத் தைத்துவிடுவாள். "உடம்பு மாறும்ல? வெட்டுன துணி திரும்பி வருமா?" என்பாள்.

இத்தனைக்கும் அவள் மீன்பிடிக் குடும்பமே இல்லை. பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். ஐஸ் வண்டி ஓட்டுகிற இளங்கோவனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் மடவை மீனுக்கும் கொடுவா மீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தவள். கரையில் நின்று வலை எறிகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே அந்தத் தோள்களைப் படித்துக்கொண்டாள். இங்கே ஆண்கள் தண்ணீரில் இருப்பார்கள், அவர்களுடைய பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகப் பெண்கள்தான் கடைக்குக் கொண்டுவருவார்கள். ஹேமாவதிக்கும் அந்தச் சட்டையே போதும். ஆளைப் பார்க்கவேண்டாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

போன தை மாசம் அந்தக் கர்வத்துக்கு ஒரு சோதனை வந்தது. வந்தது கஸ்தூரியம்மாள் ரூபத்தில்.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கஸ்தூரியம்மாள் மீன் ஏலம் கூறுகிறவள். அவளுக்கு மைக் தேவைப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. மகன் அஜித்குமாருக்குப் பொன்னேரியில் பெண் எடுத்திருந்தாள். ரிசப்ஷனுக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பெண்வீட்டார் ஒரு நீலக் கோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். குத்துமதிப்பாக வாங்கியது, ஒரு சைஸ் பெரிது. அதையும் மகனின் அளவுச் சட்டையையும் கஸ்தூரியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். ஹேமாவதி கோட்டைச் சுற்றிலும் பிடித்து, வழக்கம்போல வலது தோளுக்கு மட்டும் இடம்விட்டுக் கொடுத்தனுப்பினாள்.

ரிசப்ஷனுக்கு முதல் நாள் காலையில் கோட்டு திரும்பி வந்தது. கஸ்தூரியம்மாள் கடைக்குள் ஏறவில்லை. நடுத்தெருவில் நின்றாள்.

"ஏ ஹேமா! வெளிய வாடி! இன்னாடி தச்சு வச்சிருக்கற? சோத்தாங்கைப் பக்கம் தொளதொளனு தொங்குது, பீச்சாங்கைப் பக்கம் கவ்விப் புடிக்குது. எம்புள்ள கையத் தூக்க முடியாம பொம்மையாட்டம் நிக்கிறான்!"

"உள்ள வந்து பேசுக்கா."

"இன்னாத்துக்கு உள்ள? நாலு பேரு கேக்கட்டும். நாளைக்குப் பொண்ணு வூட்டாளுங்க முன்னாடி அவன் கோமாளியாட்டம் நிக்கணுமா? வயக்காட்டுல பொறந்தவகிட்ட கொண்டாந்து குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு திரும்பி நின்றார்கள். கோட்டைப் பற்றிச் சொன்னதை ஹேமாவதி பொறுத்துக்கொண்டிருப்பாள். 'வயக்காடு' என்ற சொல்தான் சுருக்கென்று தைத்தது. அந்தச் சொல்லை இந்தத் தெருவில் அவள் கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்போடு தெருவில் இறங்கினாள்.

"இந்தத் தெருவுல எத்தினி பேரு தோளு எனக்கு அத்துப்படினு கேட்டுப் பாருக்கா. உம்புள்ளய வரச் சொல்லு. எம் முன்னாடி போட்டுக் காட்டட்டும். எம்மேல தப்புனா இதே எடத்துல நின்னு இதே மாதிரி சத்தமா நானே சொல்றேன்."

"சொன்னா போதுமா? போர்டையும் எறக்கு!"

"எறக்கறேன்!"

சொன்ன பிறகுதான் போர்டை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷப் போர்டை ஒரு வாய்ச் சொல்லில் பணயம் வைத்தாயிற்று. சொன்னது சொன்னதுதான், இனி விழுங்க முடியாது.

அஜித்குமார் பைக்கில் வந்து இறங்கினான். கூச்சத்தோடு தெருவிலேயே கோட்டை மாட்டிக்கொண்டான். கஸ்தூரியம்மாள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வலது பக்கம் தொங்கியது, இடது பக்கம் கவ்வியது. ஹேமாவதி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், "ராசா, வலை எறியற மாதிரி ஒருவாட்டி நில்லு" என்றாள்.

பையன் நிற்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"இன்னாடா பாக்கற? நில்லுடா!" என்றாள் கஸ்தூரியம்மாள்.

அவன் இடது காலைப் பின்னால் வைத்தான். இடது தோளைப் பின்னுக்கு இழுத்து, இல்லாத வலையை ஏந்தினான். அக்குள் தையல் இரண்டு இழை விட்டுக்கொடுத்த சத்தம் ஹேமாவதிக்குக் கேட்டது.

"டேய், பீச்சாங்கையிலயா எறியற?" கஸ்தூரியம்மாளுக்குக் குரலே எழும்பவில்லை.

"தண்ணில எனக்கு அந்தக் கைதாம்மா வரும். சோத்துத் தட்டு முன்னாடி நீ அடிச்சு அடிச்சு மாத்துன இல்ல, அது வூட்டோட சரி. நைனாவுக்குத் தெரியும். உங்கம்மாகிட்ட சொல்லாதனு அவருதான் சொன்னாரு."

டீக்கடை மொத்தமும் சிரித்தது. கஸ்தூரியம்மாள் வாயடைத்து நின்றதைப் பார்க்கிற பாக்கியம் அந்தத் தெருவுக்கு அன்றுதான் கிடைத்தது.

ஹேமாவதி அப்போதே தப்பித்திருக்கலாம். 'பெத்தவளுக்கே தெரியல, எனக்கெப்படித் தெரியும்?' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, தெருவே அவள் பக்கம் நின்றிருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் கை அதற்குள் கஸ்தூரியம்மாள் கோட்டோடு கொண்டுவந்திருந்த அளவுச் சட்டையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தது. இடது அக்குளில் இரண்டு வரி கைத்தையல், கிழிந்து தைத்து மறுபடி கிழிந்து தைத்தது. போன வாரமே அதைப் பார்த்திருந்தாள். படகில் ஆணி கிழித்திருக்கும் என்று தள்ளிவிட்டாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"தப்பு என்னுதுதான்!" என்று டீக்கடைக்கும் எதிர்க்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "சட்டையிலயே தெரிஞ்சுது, நான்தான் கண்டுக்கல. எல்லாருக்கும் சோத்தாங்கைதான்னு நானா முடிவு பண்ணிட்டேன்." சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு, போர்டைக் கழற்ற ஏறிவிட்டாள்.

"ஏய், இன்னாடி பண்ற?" கஸ்தூரியம்மாளுக்குக் குரல் திரும்பி வந்தது. "எறக்கறத அப்பறம் எறக்கு. மொதல்ல கோட்டைத் தை. நாளைக்கு எம்புள்ளைக்கு ரிசப்ஷன். நல்லா நின்னுச்சுனா போர்டு இருக்கட்டும். இல்லைனா நானே வந்து எறக்கறேன்."

துணியை வெட்டாத புண்ணியம் அன்றைக்குக் கை கொடுத்தது. இடது பக்கம் மடித்து வைத்திருந்ததெல்லாம் பத்திரமாக உள்ளேயே இருந்தது. அஜித்குமாரைக் கடையிலேயே உட்காரவைத்து, நாலு தடவை போடச்சொல்லி நாலு தடவை பிரித்தாள். முடிக்கும்போது மதியம் மணி மூன்று. சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலமும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொன்னேரி மண்டபத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோட்டோக்காரர் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை கையை உயரத் தூக்கவேண்டும், பெண் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றவேண்டும் என்றார். அஜித்குமார் யோசிக்காமல் இடது கையைத் தூக்கினான். ஹேமாவதி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பெண் மூன்று தடவை சுற்றினாள். கோட்டு ஒரு சுருக்கம்கூட விழாமல் அவனோடு ஏறி அவனோடு இறங்கியது.

பெண்ணின் தாய்மாமன் தெய்வசிகாமணி மேடையில் நின்றிருந்தார். "நாங்க வாங்கிக் குடுத்த கோட்டா இது? அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே. மெட்ராஸ்ல குடுத்தீங்களா?" என்று கஸ்தூரியம்மாளிடம் கேட்டார்.

கேட்டது அவர் ஒருவர். பதில் மண்டபத்துக்கே கிடைத்தது.

"மெட்ராஸா? எம்புள்ள பீச்சாங்கையால வலை எறியறவன். அந்தத் தோளுக்கு எடம்விட மெட்ராஸ்ல எவனுக்குத் தெரியும்? எங்க ஹேமா தச்சது. தோ, நாலாவது வரிசைல உக்காந்துகினு இருக்கா பாருங்க, எங்க குப்பத்துப் பொண்ணு!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஹேமாவதி தலையைக் குனியவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இளங்கோவனின் முழங்கையை இடித்து, "எழுந்திரு, சாப்பிடப் போலாம். பசிக்குது" என்றாள்.